தலைமையாசிரியர் குறித்த ஓய்வு நாள்

ரயில் ஓட்டும் நான் ஒன்றரை வருடம் முன்னதாகவே விருப்ப ஓய்வில் கிளம்பப் போகிறேன். விதிப்படி நான் பணி ஓய்வு பெற வேண்டிய நாள் 2028 மே 31. அந்த நாளைக் குறித்தவர் ரயில்வே அமைச்சர் அல்லர். எங்கள் ஊர்த் தொடக்கப் பள்ளியின் தலைமையாசிரியர். ஐப்பசி அடைமழையில் பிறந்ததாக அம்மா சொல்லும் என்னை, அந்த வருடமே ஒன்றாம் வகுப்பில் சேர்க்க வயது போதவில்லை என்பதால், பதிவேட்டில் 1968 ஜூன் 1 என்று எழுதி ஐந்து மாதம் மூத்தவனாக்கினார் அவர். என் தலைமுறையில் அரசு வேலைக்கு வந்தவர்களில் இப்படிப்பட்ட ஜூன் பிறந்தநாள்காரர்கள் ஏராளம். மாதத்தின் முதல் தேதியில் பிறந்தவர் முந்தைய மாதத்தின் கடைசி நாளிலேயே ஓய்வு பெற வேண்டும் என்பது விதி. ஆகவே ஒவ்வோர் ஆண்டும் மே 31 அன்று சென்னை அலுவலகங்களில் ரோஜா மாலைக்கும் பொன்னாடைக்கும் கிராக்கி ஏறிவிடும்.

அறுபது என்ற எண்ணும் இப்படி யாரோ எழுதி வைத்ததுதான். நான் வேலைக்குச் சேர்ந்த காலத்தில் மத்திய அரசு ஊழியரின் ஓய்வு வயது ஐம்பத்தெட்டு. 1998 மே மாதத்தில் அது அறுபதாக உயர்ந்தது. அந்த மாதக் கடைசியில் விடைபெற வேண்டிய மூத்த டிரைவர்கள், இன்னும் இரண்டு வருடம் லாபிக்கு, அதாவது டூட்டிக்குக் கையெழுத்திடும் அறைக்கு, வந்து சைன் ஆன் செய்தார்கள். தமிழ்நாடு அரசும் 2020இல் ஐம்பத்தொன்பதாகவும், 2021இல் அறுபதாகவும் தன் ஊழியர்களின் வயது வரம்பை உயர்த்தியது. ஓய்வுக்காலப் பணப்பலன்களைத் தள்ளிப்போடத்தான் இந்த ஏற்பாடு என்று டீக்கடையில்கூட அப்போது பேசிக்கொண்டார்கள். இலட்சக்கணக்கானோருக்குப் பொதுவாக ஒரு கோடு போட வேண்டியிருக்கும்போது தனித்தனியே ஆளைப் பார்த்துப் போட முடியாது என்பது எனக்கும் புரிகிறது. ஆனால் அந்தக் கோடு வரைக்கும் நான் வண்டி ஓட்டலாமா என்ற கேள்விக்கு அந்தக் கோட்டில் விடை இல்லை. அதை நானேதான் பார்த்துக்கொள்ள வேண்டும் என்று தெளிவதற்கே எனக்கு வெகுநாள் ஆயிற்று.

நான் சென்னைப் புறநகர் மின்தொடர் வண்டிகளை ஓட்டும் மோட்டார்மேன். டீசல் அசிஸ்டெண்டாகச் சேர்ந்து, சரக்கு வண்டி, பாசஞ்சர் வண்டி என்று படிப்படியாக ஏறி, வீட்டுச் சாப்பாடு கிடைக்குமே என்ற ஆசையில் புறநகர் வண்டிக்கு வந்தவன். எக்ஸ்பிரஸ் வண்டியின் எஞ்சினில் இரண்டு பேர் இருப்பார்கள்; சிக்னலின் நிறத்தை ஒருவர் உரக்கச் சொல்ல, மற்றவர் அதைத் திருப்பிச் சொல்வார். புறநகர் வண்டியில் முன்னால் மோட்டார்மேன் ஒருவர்தான். கார்டு கடைசிப் பெட்டியில் இருக்கிறார். கடற்கரையிலிருந்து தாம்பரம் வரை ஏறத்தாழ 30 கிலோமீட்டருக்குள் 18 நிலையங்கள். கோட்டையைத் தாண்டினால் பூங்கா, பூங்காவைத் தாண்டினால் எழும்பூர் என்று, வண்டியை எடுத்த கையோடு நிறுத்தவும் ஆயத்தமாக வேண்டும். சிக்னல்கள் பெரும்பாலும் தானியங்கி. பச்சை, இரட்டை மஞ்சள், மஞ்சள், சிவப்பு என்று அடுத்தடுத்து வந்துகொண்டே இருக்கும். அத்தகைய சிக்னலின் சிவப்பில் நின்றால் பகலில் ஒரு நிமிடமும் இரவில் இரண்டு நிமிடமும் காத்திருந்துவிட்டு, முன்னால் எந்த வண்டி நிற்கிறதோ என்று கண்ணை விரித்துக்கொண்டு ஊர்ந்து போக வேண்டும். வேகத்தைக் கட்டுப்படுத்தும் மாஸ்டர் கன்ட்ரோலரின் கைப்பிடியை ஓடும்போது அழுத்தியபடியே வைத்திருக்க வேண்டும். அதற்கு டெட்மேன் என்றே பெயர். ஓட்டுபவர் மயங்கிச் சாய்ந்து கை தளர்ந்தால் வண்டி தானாகவே பிரேக் பிடித்து நின்றுவிடும். அந்த அழுத்தம் என் உள்ளங்கைக்கு எவ்வளவு பழகிவிட்டது என்றால், வீட்டில் நாற்காலியின் கையைக்கூட நான் அப்படித்தான் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பதாக மகள் கேலி செய்வாள்.

சித்திரை வெயிலில் கொதிக்கும் கேபினில் ஈரத்துண்டைக் கழுத்தில் போட்டுக்கொண்டே காலத்தை ஓட்டியாயிற்று. நான் கிளம்ப நினைக்கும் நேரம் பார்த்து, 2025 ஏப்ரலில் கடற்கரைக்கும் செங்கல்பட்டுக்கும் இடையே குளிர்சாதன மின்தொடர் வண்டி வந்து சேர்ந்திருக்கிறது. நம் ராசி அப்படி.

முதலில் பணக் கணக்கைச் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் லாபியில் யாரும் முதலில் கேட்பது அதைத்தான். 2004 ஜனவரி 1க்கு முன்பு சேர்ந்தவன் என்பதால் எனக்குப் பழைய ஓய்வூதியம். இருபது வருடச் சேவை முடிந்திருந்தால் மூன்று மாத நோட்டீஸ் கொடுத்து விருப்ப ஓய்வு பெறலாம். முழு ஓய்வூதியத்துக்கு முப்பத்துமூன்று வருடச் சேவை வேண்டும் என்றிருந்த பழைய கட்டாயமும் ஆறாவது ஊதியக் குழுவோடு போய்விட்டது. வண்டியோடு ஓடுகிற ரன்னிங் ஊழியர்களுக்கு இன்னொரு சலுகையும் உண்டு: ஓய்வூதியத்துக்கு அடிப்படைச் சம்பளத்தோடு அதில் 55 சதவீதத்தைச் சேர்த்துக் கணக்கிடுவார்கள். உதாரணத்துக்கு, ஒருவரின் அடிப்படைச் சம்பளம் 80,000 ரூபாய் என்றால், 44,000 சேர்த்து 1,24,000 ஆகும். அதில் பாதி 62,000 ரூபாய் ஓய்வூதியம், அதற்கு மேல் அகவிலைப்படி. இன்கிரிமெண்ட் ஆண்டுக்கு 3 சதவீதம். இந்த வருட ஜூலை இன்கிரிமெண்டை வாங்கிக்கொண்டு நவம்பரில் கிளம்புகிற ஒருவர், 2028 மே வரை இருந்தால் அவருக்குக் கூடுவது 2027 ஜூலையின் ஒரே ஒரு இன்கிரிமெண்ட்தான். மேலே சொன்ன கணக்கில், மாத ஓய்வூதியத்தில் அது ஏறத்தாழ 1,900 ரூபாய். இடைப்பட்ட ஒன்றரை வருடத்தின் சம்பளமும், ஓட்டும் தூரத்துக்குக் கிடைக்கும் கிலோமீட்டர் படியும் போகும் என்பது உண்மை. அது சின்னத் தொகையன்று. ஆனால் வீட்டுக் கடன் அடைந்து, மகள் வேலைக்குப் போய்விட்ட எங்கள் வீட்டில், அந்தத் தொகை இல்லாமல் எது நிற்கும் என்று நானும் மனைவியும் ஒரு நோட்டுப் புத்தகத்தில் எழுதிப் பார்த்தபோது, புது ஸ்கூட்டரையும் ஒரு காசி யாத்திரையையும் தவிர வேறு எதுவும் அகப்படவில்லை.

“எட்டாவது கமிஷன் வரட்டுமே, அவசரம் என்ன?” என்பது, புதிய ஊதியக் குழுவை மனத்தில் வைத்து அடுத்து வரும் வாதம். ஏழாவது ஊதியக் குழு வந்தபோது 2016 ஜனவரிக்கு முன்பே ஓய்வு பெற்றிருந்தவர்களின் அடிப்படை ஓய்வூதியத்தையும் 2.57ஆல் பெருக்கினார்கள். குழுவின் பரிந்துரைகள் எப்படி வரும், எந்தத் தேதியிலிருந்து வரும் என்பதையெல்லாம் எதிர்பார்த்துக்கொண்டு வண்டியில் உட்கார்ந்திருப்பது, முகூர்த்தத்துக்காகப் பிரசவத்தைத் தள்ளிப்போடுவதைப் போன்றது. இந்த வாதத்தை என்னிடம் வைத்தவர்கள் எல்லோரும் என்மேல் அக்கறை உள்ளவர்கள்தாம். ஆனாலும் அவர்களில் ஒருவரும் என் தூக்கத்தைப் பற்றி விசாரிக்கவில்லை.

தூக்கத்தைப் பற்றிச் சொல்ல வேண்டும். விடிவதற்கு முன் புறப்படும் வண்டிகளை எடுக்க வேண்டுமானால், ஊர் முழுவதும் உறங்கும் நேரத்தில் எழுந்தாக வேண்டும். அடுத்த லிங்க்கில் (எங்கள் டூட்டி வரிசைக்கு அந்தப் பெயர்) கடைசி வண்டியை முடித்துவிட்டு வீடு சேரும்போது நள்ளிரவு தாண்டியிருக்கும். முப்பத்தைந்து வயதில் இந்த மாற்றம் ஒரே நாளில் உடம்புக்குப் பிடிபட்டுவிடும். படுத்தால் தூக்கம், அலாரம் அடித்தால் விழிப்பு. இப்போது அதிகாலை டூட்டிக்காக மாலை ஏழு மணிக்கே படுத்தாலும், “எழுந்தாக வேண்டும்” என்ற எண்ணமே தூங்கவிடாமல் செய்கிறது. சேலையூரில் எங்கள் தெருவில் ஒரு நாய் குரைத்தால் போதும், மணி பார்க்கிறேன். மறுநாள் வண்டியில் நான் கண் அயர்ந்ததில்லை, ஒருமுறைகூட இல்லை. ஆனால் விழிப்பாக இருப்பதற்கு முன்பெல்லாம் நான் முயற்சி எதுவும் செய்ததில்லை, இப்போது செய்கிறேன். தனியாக இருக்கும் கேபினில் சிக்னலின் நிறத்தை எனக்கு நானே உரக்கச் சொல்லிக்கொள்கிறேன். நல்ல பழக்கம்தான், இளையவர்களுக்கும் அதையே சொல்லித் தருகிறேன். ஆனால் அது பழக்கமாக இருந்த இடத்திலிருந்து ஊன்றுகோலாகிவிட்ட இடத்துக்கு எப்போது நகர்ந்தது என்பதை நான் கவனிக்காமல் இல்லை.

இதையெல்லாம் சோதிக்கத்தான் மருத்துவப் பரிசோதனை இருக்கிறதே என்று நீங்கள் கேட்கலாம். இருக்கிறது. பி.எம்.இ. என்று நாங்கள் சொல்லும் அந்தப் பரிசோதனை, நாற்பத்தைந்து வயது வரை நான்கு ஆண்டுக்கு ஒருமுறை, அதன் பிறகு ஐம்பத்தைந்து வரை இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை, அதற்கு மேல் ஒவ்வோர் ஆண்டும் நடக்கும். வண்டி ஓட்டுபவர்களுக்கு ‘ஏ ஒன்’ தரம் வேண்டும். இருப்பதிலேயே கடினமானது அதுதான். பெரம்பூர் ரயில்வே மருத்துவமனையில் கண், நிறப்பார்வை, காது, ரத்த அழுத்தம், சர்க்கரை என்று எல்லாவற்றையும் பார்ப்பார்கள். வண்ணப் புள்ளிகளுக்குள் ஒளிந்திருக்கும் எண்ணைப் படித்துச் சொல்ல வேண்டும். இருட்டறையில் விளக்குப் பெட்டியின் சிறு துளையில் தெரியும் ஒளி சிவப்பா, பச்சையா, மஞ்சளா என்று தயங்காமல் சொல்ல வேண்டும். அந்த அறைக்கு வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருக்கும் ஐம்பத்தைந்தைக் கடந்த டிரைவர்களின் முகங்களைப் பார்க்க வேண்டும், பொதுத்தேர்வு எழுத வந்த பிள்ளைகள் தோற்றுப் போவார்கள். நான் இந்த வருடமும் தேறிவிட்டேன். அந்தச் சான்றிதழ் நான் ஓட்டலாம் என்கிறது. வெளிச்சமான காலையில், நன்றாகத் தூங்கி எழுந்து, டிபன் சாப்பிட்டுவிட்டு வந்தவனைப் பார்த்துக் கொடுத்த சான்றிதழ் அது. இரவு பதினோரு மணிக்குப் பல்லாவரத்தை நெருங்குகிற ஆளை அந்த மருத்துவர் பார்த்ததில்லை.

என் முடிவை நெருக்கிக் கொண்டுவந்தது பழவந்தாங்கலில் நடந்த ஒரு விஷயம். எதுவும் நடக்கவில்லை என்றுகூடச் சொல்லலாம். மாலை நேரம், பரங்கிமலையிலிருந்து எடுத்த வண்டி வேகம் பிடித்திருந்தது. காதில் ஒயர் மாட்டிய ஒரு பையன், தோளில் லேப்டாப் பையோடு, தண்டவாளத்தின் ஓரத்திலிருந்து சாவகாசமாக இறங்கினான். ஹாரனை அழுத்தியபடியே எமர்ஜென்சி பிரேக் போட்டேன். பன்னிரண்டு பெட்டி வண்டி பிரேக் போட்ட இடத்தில் நிற்காது. எவ்வளவு தூரத்தில் நிற்கும் என்பது ஓட்டுபவனுக்கு வயிற்றிலேயே தெரியும், அன்றைக்கு அது அந்தப் பையனைத் தாண்டித்தான் நிற்கும் என்றும் தெரிந்தது. கடைசி நொடியில் அவன் திரும்பிப் பார்த்தான். வாயைத் திறந்தபடி என் முகத்தை நேராகப் பார்த்தான். பிறகு ஒரே எட்டில் அந்தப் பக்கம் போய்விட்டான். பையின் வார் மட்டும் காற்றில் பின்னால் பறந்தது. வண்டி நின்றது, கார்டு மணியடித்துக் கேட்டார், ஒன்றுமில்லை என்று சொல்லிவிட்டு வண்டியை எடுத்தேன்.

இந்தத் தடத்தில் ஓட்டும் யாருக்கும் இது புதிதன்று. தப்பாமல் போனவர்களும் உண்டு. எங்கள் பேச்சில் அதற்கு ‘ரன்ஓவர்’ என்று பெயர். கார்டுக்குத் தகவல் சொல்லி, அடுத்த நிலையத்தில் மெமோ எழுதிக் கொடுத்துவிட்டு, வண்டியை மேலே ஓட்டிக்கொண்டு போக வேண்டியதுதான். பின்னால் அடுத்த வண்டி நின்றுகொண்டிருக்கும். முன்பெல்லாம் அப்படிப்பட்ட நாளிலும் தாம்பரத்தில் ஒரு டீ குடித்துவிட்டு மறு சுற்றுக்குக் கிளம்பிவிடுவேன். அதைக் கல்நெஞ்சம் என்று நினைப்பவர் நினைக்கட்டும். அப்படி இல்லையென்றால் இந்த வேலையைப் பார்க்க முடியாது. ஆனால் இந்தமுறை, யாருக்கும் கீறல்கூட விழாத நிகழ்ச்சி, வாரக்கணக்கில் என்னோடு இருந்தது. பழவந்தாங்கலை நெருங்கும்போதெல்லாம் தேவைக்கு முன்பே கை பிரேக்குக்குப் போனது. வண்டி ஓரிரு நிமிடம் தாமதமாவதோடு போயிற்று, யாரும் கேட்கவும் இல்லை. ஆனால் பயத்தில் பிடிக்கும் பிரேக்குக்கும் கணித்துப் பிடிக்கும் பிரேக்குக்கும் உள்ள வித்தியாசம் பிடித்தவனுக்குத் தெரியும். பயந்த டிரைவர் பத்திரமான டிரைவர் என்று வெளியில் இருப்பவர்கள் எண்ணக்கூடும். அது சரியன்று, ஒரே இடத்தைப் பற்றிப் பயந்துகொண்டிருப்பவனின் கண், அடுத்த இடத்துக்குத் தாமதமாகத்தான் போகும்.

கடைசி வருடம்தான் ஆபத்தானது என்று எங்கள் மூத்தவர்கள் சொல்வார்கள். சிவப்பு சிக்னலை அனுமதியின்றித் தாண்டுவது எங்கள் துறையில் மன்னிக்கப்படாத குற்றம். பணியிலிருந்து நீக்கப்பட்டால் அதுவரை பார்த்த சேவை முழுவதும் ஓய்வூதியக் கணக்கிலிருந்து போய்விடும் என்பது விதி. ஓய்வுக்கு நாள் எண்ணத் தொடங்கியவன் ஒவ்வொரு சிக்னலிலும் தன் முப்பது வருடத்தையும் பணயம் வைத்தபடி ஓட்டுகிறான். வியாசர்பாடியில் இருக்கும் என் பழைய சீனியர் ஒருவரைப் பார்க்கப் போயிருந்தபோது, கடைசி மாதங்களை எப்படிக் கழித்தீர்கள் அண்ணே என்று கேட்டேன். “ஓட்டுனேன்னா சொல்ற? தள்ளுனேன்டா தம்பி,” என்றார். அவரைப் போன்ற நிதானமான ஓட்டுநரை நான் பார்த்ததில்லை. அறுபது நிறைந்த பிறகும் ஆறு மாதம் அவருக்குக் கனவில் சிக்னல் வந்துகொண்டிருந்ததாம், அதுவும் எப்போதும் மஞ்சளாகவே.

மனைவியிடம் இதைச் சொன்னபோது அவள் உடனே தலையாட்டிவிடவில்லை. “ஓய்வு வாங்கிட்டு வீட்ல உக்காந்து என்னை சிக்னல் பாக்காதீங்க,” என்றாள் முதலில். பிறகு, நான் எதிர்பாராத ஒன்றைச் சொன்னாள்: அதிகாலை டூட்டிக்கு முந்தைய இரவுகளில் நான் புரளும்போதெல்லாம் தானும் விழித்துக்கொண்டுதான் படுத்திருக்கிறாளாம், சொன்னால் எனக்கு இருக்கிற தூக்கமும் போய்விடும் என்று சொன்னதில்லையாம். இந்த வேலையைப் பார்த்தது நான் ஒருவன் என்றுதான் அதுவரை எண்ணியிருந்தேன்.

எனக்கு மனக்குறை ஒன்று உண்டு, அது விதியின் அமைப்பைப் பற்றியது. பரிசோதனையில் ஒருவர் தேறாமல் போனால், அதாவது ‘டீகேட்டகரி’ ஆனால், அவரை வீட்டுக்கு அனுப்ப முடியாது. சம்பளம் குறையாமல் வேறு வேலை கொடுத்தாக வேண்டும். பணிக்காலத்தில் உடற்குறை ஏற்பட்டவரைக் காக்கும் இந்தப் பாதுகாப்பு, 1995ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் சட்டத்திலும் அதன் இடத்தில் வந்த 2016ஆம் ஆண்டுச் சட்டத்திலும் இருக்கிறது; மிகவும் நியாயமான ஏற்பாடு. ஆனால் பரிசோதனையில் தேறிக்கொண்டே, “எனக்குத் தெரிகிறது, நான் இறங்கிக்கொள்கிறேன், பயிற்சி கொடுக்கவோ லாபியில் உட்காரவோ அனுப்புங்கள்” என்று கேட்பவருக்கு அந்த உறுதி இல்லை. காலியிடமும் தேர்வும் அமைந்தால் உண்டு, இல்லையேல் ஓட்டு அல்லது வீட்டுக்குப் போ. கண் கெடும் வரை காத்திருப்பவனுக்குப் பாதுகாப்பு, கெடுவதற்கு முன் இறங்க நினைப்பவனுக்கு நஷ்டம் என்றால், பெரும்பாலானோர் எதைத் தேர்ந்தெடுப்பார்கள் என்பதைச் சொல்ல வேண்டியதில்லை. டிரைவர்களும் தண்டவாளத்தைப் பராமரிக்கும் கேங்மேன்களும் முன்கூட்டியே ஓய்வு பெற்றால் தகுதியுள்ள பிள்ளைக்கு வேலை என்று 2004இல் ஒரு திட்டம் கொண்டுவந்தார்கள். பலர் அதில் கிளம்பினார்கள். பொது வேலைவாய்ப்பில் வாரிசுக்கு மட்டும் தனிவழி எப்படிச் செல்லும் என்று நீதிமன்றம் கேட்க, 2018இல் அது முடிவுக்கு வந்தது. நீதிமன்றம் கேட்டது சரிதான். ஆனால் தள்ளாமை வந்த டிரைவரைக் கௌரவமாக இறக்கிவிட வேண்டும் என்ற அந்தத் திட்டத்தின் மூல நோக்கமும் அதோடு சேர்ந்து போய்விட்டது. வாரிசு வேலையை நீக்கிவிட்டு அந்த நோக்கத்தை மட்டும் வைத்துக்கொண்டிருக்கலாம்.

என்னிடம் தொழில் கற்ற ஒரு தம்பி, இதையெல்லாம் கேட்டுவிட்டு, “உங்களுக்குச் சரிண்ணே, எங்களுக்கு?” என்றான். அவன் 2004க்குப் பிறகு சேர்ந்தவன். புதிய ஓய்வூதியத் திட்டத்திலிருந்து, 2025 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்த ஒருங்கிணைந்த ஓய்வூதியத் திட்டத்துக்கு மாறியிருந்தாலும், விருப்ப ஓய்வில் முழுத் தொகை கிடைக்க இருபத்தைந்து வருடச் சேவை வேண்டும். அதற்குப் பிறகும் உறுதி செய்யப்பட்ட தொகை, அவன் வழக்கமாக ஓய்வு பெற்றிருக்கக்கூடிய தேதியிலிருந்துதான் வரும். ஐம்பத்தெட்டில் தூக்கம் கெட்டால் அவன் இரண்டு வருடம் கைக்காசில் சாப்பிட வேண்டும், அல்லது தூக்கம் கெட்டபடியே ஓட்ட வேண்டும். அவனுக்கு நான் சொல்ல முடிந்தது, இப்போதே தனியாக இரண்டு வருடச் செலவுக்குச் சேர்த்து வை, இன்ஸ்பெக்டர் பதவிக்கான தேர்வை விடாமல் எழுது என்பதுதான். சங்கத்தில் இதைப் பேசச் சொல்லியும் வற்புறுத்தியிருக்கிறேன். எட்டாவது கமிஷனுக்குத் தரும் கோரிக்கைகளில் சம்பள விகிதத்துக்கு இருக்கும் இடத்தில் பாதியாவது இதற்கு இருக்க வேண்டும்.

ஆகஸ்ட் கடைசியில் நோட்டீஸ் கொடுக்கிறேன், நவம்பர் 30 அன்று முடித்துக்கொள்கிறேன். அடுத்த பி.எம்.இ.க்கு முன்னால் கிளம்புவது வேண்டுமென்றே செய்ததுதான்; தேறும் நிலையில் இருக்கும்போதே போக வேண்டும் என்று நினைத்தேன். ஓய்வுக்குப் பிறகான மருத்துவத் திட்டத்துக்கு விருப்பம் தெரிவிக்க வேண்டும், நாற்பது சதவீதம் ஓய்வூதியத்தைத் தொகையாக மாற்றிக்கொள்வதா என்று முடிவு செய்ய வேண்டும் (பதினைந்து வருடம் கழித்துத்தான் அது திரும்பக் கிடைக்கும் என்பதால் மனைவி வேண்டாம் என்கிறாள், நான் பாதி மனதாக இருக்கிறேன்), ஓய்வூதியப் படிவத்தில் ஒட்டுவதற்கு இருவரும் சேர்ந்து ஒரு போட்டோ எடுக்க வேண்டும். நவம்பர் வரைக்கும் அதிகாலை லிங்க் வேண்டாம் என்று கேட்டிருக்கிறேன். தருவதாகச் சொல்லியிருக்கிறார்கள்.